கடலுக்குப் போகும் மணல் வீணா?

"கடலில் வீணாகக் கலக்கிறது" என்பது நம் மேடைகளில் தேய்ந்துபோன வாசகம். ஆற்று நீருக்குச் சொன்னதை இன்று மணலுக்கும் சொல்கிறார்கள். "நாம் அள்ளாவிட்டால் கடலுக்குத்தானே போகும்?" என்று கேட்போருக்கு, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கழிமுகத்தின் ஒரு பிடி மண்ணே விடை சொல்லும்.

அதில் வெண்மையாய் மின்னுவது குவார்ட்ஸ்; இளஞ்சிவப்பாய்த் தெரிவது கார்னெட்; கருமையாய்க் கிடப்பது இல்மனைட். மேற்கு மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் உருண்டு வந்த செல்வம் இது.

ஆறு இச்செல்வத்தைக் கண்மூடிக் கொட்டுவதில்லை. வேகம் குறையக் குறைய முதலில் பருமணல், பின்பு நுண்மணல், இறுதியில் வண்டல் எனத் தரம் பிரித்து இறக்குகிறது. 0.063 மில்லிமீட்டரினும் நுண்ணிய துகளை அறிவியலார் மணல் என்பதில்லை. வண்டல், களி என்பர். அந்தச் சேற்றில்தான் அலையாத்தி வேரூன்றுகிறது. இறால் குஞ்சு வளர்கிறது. மணலோ கரைக்குக் கவசமாகிறது. நீரைப்போல் 2.65 மடங்கு எடையுள்ள குவார்ட்ஸை அலை வாரிச் செல்லும்போது, ஏறத்தாழ 4.7 மடங்கு எடையுள்ள இல்மனைட் பின்தங்குகிறது. புயலுக்குப் பின் கரையில் தெரியும் கரும்பட்டை, பறிபோன வெண்மணலுக்குச் சாட்சி.

பறிபோனதை ஈடுசெய்ய வேண்டியது ஆறு. அதன் கைகளை அணைகளால் கட்டினோம். எஞ்சியதை லாரிகளில் ஏற்றினோம். 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்க வேண்டிய அளவுக்குக் கொள்ளை முற்றியது. மணல், ஆறு கரைக்குத் தரும் கூலி. அதை மேலே பறித்துக்கொண்டு, கரை அரிக்கிறதே என்று கீழே கல் கொட்டுகிறோம். கூலியைப் பிடித்துவைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று மறைக்கல்வியில் படித்தவர்கள் அல்லவா நாம்?

இப்பாவத்தில் நமக்குப் பங்கில்லையா? ஊர்தோறும் புதிய ஆலயங்கள், மண்டபங்கள், கெபிகள். அவற்றுக்கான மணல் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பங்குப் பேரவைகள் கேட்டன? படைப்பைக் காக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய சுற்றுமடலைக் கருத்தரங்குகளில் வாசித்தோம், கட்டுமானத்தில் மறந்தோம்.

உள்நாட்டுப் பங்கின் கோபுரம் உயர்வதற்காகக் கடற்கரைப் பங்கு தன் கரையை இழக்கலாகாது. திருப்பணிக்கு நிதி திரட்டும் முன், மணலின் பிறப்பிடத்தைக் கேட்போம். ஆற்றைச் சுரண்டி வந்ததெனில் மறுப்போம்.

மணல்மீது வீடு கட்டியவனை அறிவிலி என்றார் ஆண்டவர். அயலான் காலடி மணலை அள்ளித் தமக்கே ஆலயம் கட்டுவோரை அவர் என்னவென்று அழைப்பார்?