விபத்துக்கும் நாடி பாருங்கள்!

வயிற்றுவலி என்று வருபவரிடம் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் விசாரிச்சுத்தான் மருந்து கொடுக்கணும். பெரிய தொழிற்சாலையும் ஒரு உடம்புதான். ஆனால் விபத்து நடந்தால், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஃபைலை மூடிவிடுகிறோம்!

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததே, அந்த ஆலையில் ரசாயனத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் ரிப்பேரில். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும் தடுக்க முடியவில்லை. ஒரே ராத்திரியில் வந்த நோயா அது?

ஆபத்தான ஆலைகளில் தொழிலாளர்களும் சேர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது, 1987-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம். குழு காகிதத்தில் இருந்தால் போதுமா? இயந்திரத்தின் முனகல் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் முதலில் கேட்கும். அவர் பயமில்லாமல் சொல்லணும், நிர்வாகம் காதுகொடுக்கணும். அதுதானே வருமுன் காப்பது!