அபராதம் கட்டினால் குடி போய்விடுமா?

என் வீட்டுக்காரரின் ஆட்டோவை மோதி நொறுக்கிய வேன் டிரைவர், அதற்கு முன்பே குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவன். அபராதம் கட்டினான், மறுபடியும் வண்டியை எடுத்தான். குடியை விட்டானா என்று யாராவது கேட்டார்களா? கோர்ட்டில் அவன் வக்கீல், "அன்றைக்கு ஒருநாள் கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்றார். என் வயிறு பற்றி எரிந்தது. ஒருநாளா? ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும், கூட ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். விடிந்ததும் அவனுக்குக் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஸ்டியரிங் பிடிப்பான். ஊருக்கே தெரிந்தது லைசென்ஸ் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி?

குடித்து ஓட்டியதற்குத் தண்டிக்க நம் சட்டம் பார்ப்பது, பிடித்த நேரத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்பதை மட்டும்தான். முதல் தடவை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நேரம் போனால் அந்த ஆல்கஹால் இறங்கிவிடும். குடிப்பழக்கம் இறங்குமா?

அதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் இல்லை. சிடிடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வாரக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் மாறிப்போகிறது. குடியை நிறுத்தினாலும் அது சீராகச் சில வாரங்கள் ஆகும். டெஸ்ட்டுக்கு முதல் நாள் மட்டும் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாது. பிரிட்டனில் 100 மில்லி ரத்தத்தில் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆல்கஹாலுடன் ஓட்டிப் பிடிபட்டவர்களும், 10 வருடத்துக்குள் இரண்டு தடவை குடித்து ஓட்டி லைசென்ஸ் இழந்தவர்களும், டாக்டர் முன்னால் இந்த ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டாமல் திரும்ப ஓட்ட முடியாது.

இதை இங்கேயும் கொண்டுவரச் சொன்னால், "டிரைவர்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதே" என்கிறார்கள். நானும் டிரைவர் பெண்டாட்டிதான் ஐயா! பிழைப்பு போவது என்னவென்று எனக்குத் தெரியாதா? கல்லீரல் கெட்டவர்களுக்கும் சிடிடி அளவு ஏறலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரையும் குடிகாரன் ஆக்கச் சொல்லவில்லை. டாக்டர் பேசிப் பார்க்கட்டும், மறுபடி சோதிக்கட்டும், குடிநோய் என்றால் வைத்தியம் கொடுக்கட்டும். தேறும்வரை அவன் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அந்த முதல் தடவையே அவன் ரத்தத்தைச் சோதித்திருக்க வேண்டும். இனிமேலாவது, குடித்துப் பிடிபட்டவனுக்கு லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் சோதியுங்கள். அதைச் சட்டமாக்குங்கள்.