வீட்டில் செய்யும் துப்பாக்கிக்கு ‘ஹெட்ஸ்பேஸ்’ செக் பண்ண வேண்டுமா? பனியன் கம்பெனிக்குத் தெரிந்த பதில்

உடுமலைப்பேட்டையைத் தாண்டி, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1962-ல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளிதான் ஊரின் அடையாளம். கொஞ்ச தூரத்தில் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் காடு ஆரம்பித்துவிடும்.

துப்பாக்கியின் இரண்டு முகங்களையும் யோசிக்க வைக்கிற ஊர் இது. ஒன்று, என்.சி.சி. கேடட் பயிற்சிக்குப் பிடிக்கும் பாயின்ட் 22 ரைஃபிள். தொழிற்சாலையில் அளந்து, சோதித்து, கணக்கில் ஏற்றிய ஆயுதம். இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையோர மாவட்டங்களில் அடிக்கடி பறிமுதல் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கி. அதை யாரும் அளந்ததில்லை.

வித்தியாசம் அந்த அளவில்தான் இருக்கிறது.

ஹெட்ஸ்பேஸ் என்றால் என்ன?

தோட்டா போய் உட்காரும் இடம் சேம்பர். அதைப் பின்னால் இருந்து மூடுவது போல்ட். தோட்டா மேற்கொண்டு முன்னால் போகாமல் சேம்பருக்குள் தடுக்கப்படும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ்.

இது குறைந்தால் போல்ட் சரியாக மூடாது. கூடினால், சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு அந்த இடைவெளிக்குள் இழுபட்டுக் கிழியும். அதிலிருந்து சூடான வாயு பின்பக்கமாகப் பீறிட்டால், எதிரே இருப்பது சுடுபவரின் கண்.

பாயின்ட் 308 ரக ரைஃபிளில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச அழுத்தம் சுமார் 62,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் இருப்பதைப் போல கிட்டத்தட்ட 1,800 மடங்கு. இந்த ரகத்துக்கான ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ 0.1 மில்லிமீட்டர்தான். ஒரு பேப்பரின் தடிமன். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

‘எல்லாம் புது பார்ட்ஸ்தானே?’

சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே ரைஃபிள் அசெம்பிள் செய்வதை அமெரிக்காவின் பல மாகாணங்கள் அனுமதிக்கின்றன. பேரலும் புதுசு, போல்ட்டும் புதுசு, அப்புறம் எதற்கு செக்கிங் என்று கேட்பவர்கள் அங்கே உண்டு.

திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்கும். கட்டிங்கில் முன்பக்கம் சரி, பின்பக்கம் சரி, கையும் சரி. அதற்காக தைத்த டி-ஷர்ட்டை டேப் வைத்துப் பார்க்காமல் பேக்கிங்குக்கு அனுப்புவார்களா? ஒவ்வொரு பீஸிலும் அனுமதிக்கப்பட்ட சின்னச் சின்ன வித்தியாசங்கள், சேர்த்துத் தைக்கும்போது ஒரே பக்கம் கூடிவிடலாம். அதனால்தான் தைத்த பிறகும் மெஷர்மென்ட் சார்ட் வருகிறது.

துப்பாக்கியிலும் ஹெட்ஸ்பேஸ் என்பது ஒரு பார்ட்டின் அளவு இல்லை. பார்ட்டுகள் சேர்ந்த பிறகு உருவாகும் அளவு. பனியனில் தப்பினால் ஷிப்மென்ட் ரிஜெக்ட் ஆகும். இங்கே தப்பினால் போவது கண் பார்வை.

ராணுவம் என்ன செய்தது?

பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளுக்கு, 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவு போல்ட் ஹெட்கள் இருந்தன. ஆயுதப் பழுதுபார்ப்பாளர் கேஜ் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை மாட்டுவார்.

அமெரிக்காவின் பாயின்ட் 50 பிரவுனிங் எம்2 இயந்திரத் துப்பாக்கியில், பேரல் மாற்றும் ஒவ்வொரு முறையும் வீரரே ஹெட்ஸ்பேஸை செட் செய்ய வேண்டியிருந்தது. பயிற்சி பெற்றவர்களே தப்பு செய்தார்கள், காயப்பட்டார்கள். கடைசியில் 2010 வாக்கில் ஏற்கப்பட்ட எம்2ஏ1 மாடலில், வீரர் செட் செய்யும் அந்த வேலையே நீக்கப்பட்டது. ராணுவமே மனிதக் கையை நம்பவில்லை என்பதுதான் இதில் பாடம்.

‘ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் சான்று ஆகாது. அந்தத் தோட்டா தாங்கியது, அவ்வளவுதான். அடுத்த பெட்டித் தோட்டாவில் கூட்டின் அளவு கொஞ்சம் மாறினாலே கதை மாறும்.

கேஜ் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. கேஜ் ஒரே ஒரு தூரத்தைத்தான் சொல்லும். இரும்பு சரியாகப் பதப்படுத்தப்பட்டதா, பேரலுக்குள் விரிசல் இருக்கிறதா என்று சொல்லாது. வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் ‘ப்ரூஃப் டெஸ்ட்’ இதற்காகத்தான் இருக்கிறது. பிரிட்டனின் பர்மிங்ஹாமில் 1813 முதல் இதற்கென்றே ஒரு நிலையம் உண்டு.

நாட்டுத் துப்பாக்கியின் ஆபத்தும் இதுதான். முன்பக்கம் வழியாக மருந்து கெட்டிக்கும் வகைக்கு ஹெட்ஸ்பேஸே கிடையாது. ஆனால் அந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. மருந்தின் அளவும் கைக்கணக்கு.

நம் ஊரில் கேள்வியே வேறு

இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டும் குற்றமல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி அதை விற்பதற்கும், தொழிலாக ரிப்பேர் செய்வதற்கும், சோதித்துக் கொடுப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

காட்டுப்பன்றியால் பயிர் இழக்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. அதற்கு லேத் பட்டறைக் குழாய் தீர்வு இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தபோதும், அந்த வேலை வனத்துறைக்குத்தான் தரப்பட்டது.

ஆகவே, ஹெட்ஸ்பேஸ் செக் பண்ண வேண்டுமா? கண்டிப்பாக. எந்த ரைஃபிளாக இருந்தாலும், பேரலோ போல்ட்டோ மாறும் ஒவ்வொரு முறையும். வீட்டிலா? கூடாது. தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் உரிமம் பெற்ற டீலரிடம் காட்டலாம். லைசென்ஸ் இல்லாதது இருந்தால், அது போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

அளக்க முடியாத இடத்தில் செய்யாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.