கடல் விலாங்கும் தோட்டத்து மண்ணும்

சென்ற கோடையில் பொள்ளாச்சித் தாலூகாவிலுள்ள ஒரு தோட்டத்தில் எலுமிச்சை மரங்களைப் பார்வையிடும்படி அழைக்கப்பட்டேன். வாசலை அடுத்த நான்கு மரங்கள் மட்டும் இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து, பாதிக்குமேல் இலையுதிர்த்து நின்றன. சொந்தக்காரர் அதைப் பூசண நோயெனக் கருதி மயில்துத்தக் கலவையை இருமுறை தெளித்திருந்தார். வீட்டினுள் சென்ற பிறகே காரணம் விளங்கிற்று. கூடத்தில் 300 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு கடல் விலாங்கு கல்லிடுக்கிலிருந்து தலையை நீட்டி, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. தொட்டியிலிருந்து மாற்றிய உப்பு ஜலம் முழுவதும் ஒன்றரை வருஷமாக அந்நான்கு மரங்களின் பாத்திக்கே போய்க்கொண்டிருந்ததாம்.

இப்பிராணியை வீட்டில் வளர்க்கலாகாது என்பது எமது அபிப்பிராயமன்று. ஆனால் கடலை வீட்டிற்குள் கொண்டுவருபவர், அதன் உப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மாடு வாங்குமுன் தீவனத்திற்கு வழி தேடுகிறோம். இதற்கும் அவ்வளவு யோசனை வேண்டாமா?

கடற்கரையார் அஞ்சாளை என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது இது. வெண்ணிற உடலில் கருந்திட்டுகளுள்ள ஒரு வகையை வியாபாரிகள் ஸ்நோஃப்ளேக் ஈல் என்று விற்கிறார்கள். தொட்டிக்கு ஏற்றது அதுவே. பெரும்பாலும் இரண்டு அடிக்குச் சற்று மேல் வளரும். பார்வைக்குப் பாம்பானாலும் மீனே. வாயைத் திறந்து மூடுவது சினத்தாலன்று, சுவாசத்திற்காக. கண் மங்கல், மோப்பம் கூர்மை. ஆகவே இறால் வாசனையுள்ள விரலையே இறாலென்று கவ்விவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை இறால், நண்டு, கணவாய்த் துண்டுகளை நீண்ட இடுக்கியால் கொடுப்பது உத்தமம். விரல் நுழையும் சந்து இருந்தாலும் வெளியேறித் தரையில் விழுந்து மடியும். மூடியின்மேல் பாரம் வைத்தல் அவசியம்.

பவானியிலும் காவிரியிலும் கிடைக்கும் நமது விலாங்கைப் போன்றதே இதுவுமென்று சிலர் எண்ணுகிறார்கள். நமது விலாங்கு கடலில் பிறந்து ஆறேறி வந்து நன்னீரில் வளர்வது. அஞ்சாளைக்கோ ஆயுள் முழுவதும் கடலே. வளர்க்க முடியாமற்போனால் கிணற்றில் விடலாம் என்பவர்கள் அதைக் கொல்லவே செய்கிறார்கள்.

இனி ஜலத்தைப் பற்றிக் கூறுவோம். சென்னையில் 1909-ல் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை கடற்கரையை ஒட்டியே அமைந்திருந்தது. நமக்கு மிக அருகிலுள்ள பொன்னானிக் கடலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆதலால் கடல் ஜலத்தை நாமே கலக்க வேண்டும். சமையலுப்பு இதற்கு உதவாது. மக்னீசியம், சுண்ணாம்புச் சத்து முதலியன சேர்ந்த தனிக் கலவை உப்பை, சுத்திகரித்த ஜலத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கரைக்க வேண்டும். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்குமுன் விலாங்கை விட்டால் அமோனியாவால் மடியும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருத்தல் நலம். சித்திரை வெயிலில் நமது வீடுகளில் இதற்குக் குளிர்விக்கும் யந்திரம் வேண்டும். மின்சாரம் நின்றால் காற்றூட்டும் கருவிக்கு பாட்டரியும் வேண்டும். மயில்துத்தம் கலக்கிய கையைத் தொட்டியில் வைக்கவே கூடாது. செம்பு இவ்வினத்திற்கு விஷம். பூச்சிமருந்து பட்ட கையும் அப்படியே. அழகிற்காகப் பவளப்பாறை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மன்னார் வளைகுடாப் பவளங்களை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

முன்சொன்ன தொட்டியில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை 45 லிட்டர் மாற்றி வந்தார்கள். அதாவது ஒவ்வொரு தடவையும் ஒன்றரை கிலோவுக்கு மேல். வருஷத்தில் ஏறக்குறைய 41 கிலோ உப்பு. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்புள்ள கிணற்று ஜலத்தையே பாசனத்திற்கு ஆகாதென ஒதுக்குகிறோம். எலுமிச்சையோ உப்பைச் சிறிதும் பொறாத மரம். களிப்பாங்கான மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகி, பெய்யும் மழையும் உள்ளிறங்காது.

நொய்யல் கரையிலுள்ள வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதிக் கிணறுகளைக் கெடுத்ததையும், 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும் அவர்கள் அனுபவித்தே அறிவார்கள். தொட்டி ஜலம் அதற்கு ஈடாகாதுதான். ஆயினும் ஊர்க்குட்டையிலோ பொது வாய்க்காலிலோ இதைக் கொட்டுவதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அனுமதிக்கலாகாது.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் எமக்குத் தோன்றும் வழி ஒன்றே. ஒரு மீட்டர் சதுரமும் ஒரு சாண் ஆழமுமுள்ள சிமெண்டுத் தொட்டியை வெயில்படும் இடத்தில் கட்டி, மழைக்கு மூடியும் செய்துகொண்டால், 45 லிட்டர் ஜலம் நாலரை சென்டிமீட்டரே நிற்கும். கோடையில் அடுத்த மாற்றத்திற்குள் அது பெரும்பாலும் வற்றிவிடும். அடியில் தங்கும் உப்பைச் சுரண்டிக் குப்பையோடு அனுப்பலாம்.

தோட்டக்காரர் அவ்வாறே செய்தார். எலுமிச்சைப் பாத்திகளில் ஜிப்சம் இட்டு, நல்ல ஜலம் பலமுறை பாய்ச்சி வடியவிடச் சொன்னோம். ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு மரங்கள் துளிர்த்தன. மற்ற இரண்டையும் வெட்ட நேர்ந்தது. விலாங்கு சௌக்கியமாக இருக்கிறது.