வாசனைக்கு ஒரு புள்ளி, புகைக்கு ஒரு புள்ளி

போர்பன் எண்டதும் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வாறது நடுவில் சொக்லட் கிறீம் வைத்த பிஸ்கட்தான். நாங்கள் இங்கே கதைக்கப்போறது அதைப் பற்றி இல்லை. அமெரிக்காவின் போர்பன் விஸ்கி பற்றியும், அந்த விஸ்கியின் பெயரையும் மணத்தையும் வைத்து விற்கப்படுகிற சுங்கான் புகையிலை பற்றியும்தான்.

சுங்கான் எங்கட தலைமுறையின் பொருள் இல்லை. பழைய படங்களில் வருகிற பணக்கார அப்பாவின் வாயில் இருக்கும், துப்பறிவாளரின் கையில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இப்ப அது வேறொரு வாசலால் திரும்பி வருது. கோப்பியைச் சுவைத்து எழுதுகிற மாதிரி, சொக்லட்டைச் சுவைத்து எழுதுகிற மாதிரி, சுங்கான் புகையிலையையும் 'சுவைத்து' எழுதுகிறார்கள், காணொளி போடுகிறார்கள். வனிலா, கருக்கிய சீனி, ஓக் மரம், உலர்ந்த பழம் எண்டு வரிசையாகச் சொல்லுகிறார்கள். கேட்டால் ஏதோ கேக் கடைக்குள் நிற்கிற மாதிரித்தான் இருக்கு.

எங்கட கருத்து எளிமையானது. சுவையூட்டிய புகையிலையை டின் திறந்தவுடன் வருகிற மணத்தை வைத்து மதிப்பிடக்கூடாது. அந்த மணத்தை விற்கிறவரே டின்னின் மேல் எழுதிவிட்டார். அந்த மணம் போன பிறகு என்ன மிஞ்சுது எண்டதைத்தான் விமர்சனம் எழுதுகிறவர் எழுத வேண்டும்.

எப்படிப் பார்த்தோம்

வெளிநாட்டில் இருந்து வந்த 50 கிராம் டின் ஒன்று எங்கட கைக்குக் கிடைத்தது. அதன் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்கிறது. நாங்கள் யாருக்கும் இலவசமாக விளம்பரம் செய்ய வரவில்லை. அதோடு, இங்கே சொல்லப்போறது ஒரு டின்னுக்கு மட்டும் பொருந்துகிற விசயமும் இல்லை.

எங்களில் நான்கு பேர், எல்லோரும் 21 ஐத் தாண்டினவர்கள். மூன்று பேர் புகைத்துப் பார்த்தோம். புகைக்காத தோழி ஒருவர் டின்னின் மணத்தையும் அறையின் மணத்தையும் மட்டும் மதிப்பிட்டார். சோளப்பொத்தியின் தண்டில் செய்த மலிவான புதுச் சுங்கான்களைப் பாவித்தோம். பழைய மரச் சுங்கானில் முன்னர் புகைத்த புகையிலையின் மணம் ஊறிக் கிடக்கும், அது கணக்கைக் குழப்பும். பக்கத்தில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வைக்கவில்லை. ஒரு தடவை டின்னில் இருந்து எடுத்த ஈரத்தோடும், இன்னொரு தடவை கடதாசியில் பரப்பி ஒரு மணித்தியாலம் உலர விட்டும் பார்த்தோம்.

மூடியைத் திறந்தவுடன் வந்த மணம் உண்மையிலேயே நல்ல மணம். வனிலா முன்னுக்கு நிற்குது. அதற்குப் பின்னால் கித்துள் பாணி மாதிரி ஒரு கனத்த இனிப்பு. கொஞ்சம் தள்ளி, நத்தாருக்குச் செய்கிற ரிச் கேக்கைப் பெட்டியில் இருந்து வெளியே எடுக்கும்போது மூக்கில் ஏறுகிற அந்தக் குடிமணம். புகைக்காத தோழிகூட, "இதைச் சாப்பிடலாம் போல இருக்கு" எண்டார். பத்துக்கு எட்டுப் புள்ளி போடலாம்.

பற்ற வைத்த பிறகு கதை மாறுது. முதல் ஐந்து நிமிடத்துக்கு இனிப்பின் நிழல் ஒன்று இருந்தது. பிறகு வனிலா மெல்லிய நினைவாக மட்டும் மிஞ்ச, வறுத்த கச்சான் கோது மாதிரி, காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு சுவை வந்தது. அது மோசமில்லை, நேர்மையான இலைச் சுவை. ஆனால் அது போர்பன் இல்லை. பாதி தாண்டினபோது நாக்கின் நுனி எரியத் தொடங்கினது. கடைசிக் காற்பங்கு ஈரம், கசப்பு, சாம்பல். சுங்கானின் அடியில் கறுத்த களி மாதிரி ஒன்று மிஞ்சினது. உலர விட்டுப் புகைத்தபோது நாக்கு எரிவு குறைந்தது, ஆனால் அதோடு வாசனையும் குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கு எண்டது அப்பதான் விளங்கினது.

அறையின் மணமோ வேறு கதை. புகைத்துக்கொண்டிருந்தபோது வெளியில் இருந்து உள்ளே வந்த தோழிக்கு கேக் அவிகிற மணம் மாதிரி இருந்ததாம். அடுத்த நாள் காலமை அதே அறைக்குள் வந்தபோது அவர் சொன்ன சொல்லை இங்கே எழுதாமல் விடுகிறோம். யன்னல் சீலையில் வனிலா இருக்கவில்லை, புகையிலை மட்டும்தான் இருந்தது.

போர்பன் எங்கே போனது?

போர்பன் எண்டால் என்ன எண்டு அமெரிக்கச் சட்டம் தெளிவாகச் சொல்லுது. தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளமாக இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கின புது ஓக் மரக் கொள்கலனில் வைக்க வேண்டும். அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும். 1964 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை அந்த நாட்டுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி எண்டு தீர்மானம் போட்டது. இதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கு: போர்பனுக்குள் சுவையோ நிறமோ வெளியில் இருந்து சேர்க்கக்கூடாது. வனிலா மணமும் கருக்கிய சீனி மணமும் பெரும்பாலும் அந்தக் கருகின மரத்தில் இருந்து வருடக்கணக்கில் ஊறி வருகிறவை. ஓக் மரத்தில் உள்ள லிக்னின் வெப்பத்தில் உடையும்போது கிடைக்கிற பொருட்களில் ஒன்றுதான் வனிலின்.

இப்ப இதில் உள்ள முரணைப் பாருங்கள். சுவை சேர்க்கக்கூடாது எண்ட விதியால் பெயரெடுத்த ஒரு பானத்தின் பெயர், சேர்க்கப்படுகிற ஒரு சுவையின் பெயராக மாறியிருக்கு. சில தயாரிப்பாளர்கள் நிசமான போர்பனை இலையில் தெளிக்கிறார்கள். சிலர் போர்பன் இருந்த பழைய பீப்பாயில் இலையை வைத்து எடுக்கிறார்கள். வேறு சிலர் வனிலாவும் இனிப்பும் கலந்த ஒரு வாசனைச் சரக்கோடு முடித்துக்கொள்கிறார்கள். டின்னின் மேல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். நிசமான விஸ்கியே தெளித்தாலும் அற்ககோல் 78 பாகை செல்சியசில் ஆவியாகிற பொருள், சுங்கானுக்குள் எரிகிற அனலோ பல நூறு பாகை. நெருப்பு மேல் வாசனையைத்தான் முதலில் தின்னும். ஐந்து நிமிடத்தில் போர்பன் காணாமல் போனதுக்குக் காரணம் அதுதான்.

நாக்கு எரிவுக்கும் காரணம் இருக்கு. இந்த வகைக் கலவைகளின் அடிப்படை பெரும்பாலும் பேர்லி இலை. வெள்ளைப் பேர்லி 1864 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிரவுண் கவுண்டியில், கென்டக்கியில் இருந்து வந்த விதையில் முளைத்தது. அதைச் சூடு கொடுக்காமல் காற்றோட்டமான கொட்டிலில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அதற்குள் இலை தன் சீனியைத் தானே தின்று முடித்துவிடும். தன் இனிப்பு இல்லாத இலை. ஆனால் பஞ்சு மாதிரி, எதை ஊற்றினாலும் குடிக்கும். அதனால்தான் வாசனை ஏற்றுவதற்கு அது தோதான இலை. ஏற்றின வாசனையும் ஈரமும் போகாமல் இருக்கப் பலர் புரப்பிலீன் கிளைக்கோல் சேர்க்கிறார்கள், மேடையில் புகைமூட்டம் வரவைக்கப் பாவிக்கிற அதே திரவம்தான். ஈரமான இலை எரியும்போது நீராவி வரும், அந்தச் சூடு நாக்கைத் தாக்கும்.

இது எங்களுக்கு ஒன்றும் புதிய வித்தை இல்லை. யாழ்ப்பாணத்தில் கோடா போட்ட புகையிலை எண்டு சொல்லுறது இனிப்புக் கரைசலில் பதப்படுத்தின இலையைத்தான். ஆனால் அங்கே யாரும் அதை விஸ்கி எண்டு சொல்லி விற்கவில்லை. கோடாவைக் கோடா எண்டுதான் சொன்னார்கள்.

வாசனை யாருக்காக?

இதை வெறும் இரசனைப் பிரச்சினையாக விட்டுவிடலாம்தான். ஆனால் வாசனை ஒரு வேலையும் செய்யுது. பழக்கமில்லாத ஒருவருக்கு முதல் இழுப்பு கசக்கும், இருமல் வரும். அந்தக் கசப்பு உடம்பு போடுகிற ஒரு வேலி. இனிப்பு வாசனை அந்த வேலியில் ஒரு பொட்டு வெட்டிக் கொடுக்குது. அமெரிக்கா 2009 இல் பழவாசனை, இனிப்பு வாசனை உள்ள சிகரட்டுகளைத் தடை செய்ததன் காரணமே அவை இளம் ஆட்களை இழுக்கின்றன எண்டதுதான். அந்தத் தடை சுங்கான் புகையிலையைத் தொடவில்லை. சுங்கான் கிழவர்களின் பொருள் எண்ட நம்பிக்கை இன்னும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கு.

"சுங்கான் புகையை உள்ளே இழுக்கிறதில்லையே, வாயில் வைத்து விடுறதுதானே" எண்டு ஒரு வாதம் எப்பவும் வரும். காற்றில் உலர்த்தின இலையின் புகை காரத்தன்மை கூடியது. அதில் உள்ள நிக்கொட்டின் வாயின் உட்தோலாலேயே உடம்புக்குள் போகும். சுவாசப்பை வரைக்கும் இழுக்கத் தேவையில்லை. உதடு, வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களுக்கும் சுங்கானுக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் எப்பவோ உறுதியான விசயம். சுவாசப்பைகூடத் தப்புவதில்லை. இதோடு இன்னொன்று: புகையிலையும் மதுவும் ஒருவரிடம் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து இரண்டையும் கூட்டி வருகிற அளவை விட அதிகமாகும். அந்த இரண்டின் பெயரையும் ஒரே டின்னில் சேர்த்து, அதைத் தரத்தின் அடையாளமாக விற்பது எவ்வளவு கெட்டித்தனம்!

அப்ப ஏன் இதைச் சுவைத்து எழுதுகிறீங்கள் எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதாமல் விட்டால், எழுதுகிற ஒரே ஆள் விற்கிறவராகத்தான் இருப்பார். 'புகைத்தல் உடல்நலத்துக்குக் கேடு' எண்ட வரியை நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் இருந்தே பார்க்கிறம், படத்தில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் பார்க்கிறம். அது உண்மை. ஆனால் வனிலா மணக்கிற ஒரு டின்னை முகர்ந்து பார்க்கிற இருபது வயதுக்காரருக்கு முன்னால் அந்த வரி தோற்றுப் போகுது, ஏனெண்டால் அவரின் மூக்கு வேறொன்றைச் சொல்லுது. மூக்குக்குப் பதில் சொல்ல வேண்டுமெண்டால் மூக்கின் மொழியிலேயே சொல்ல வேணும். இந்த மணம் எங்கே இருந்து வருது, எத்தனை நிமிடம் நிற்கும், அதற்குப் பிறகு என்ன மிஞ்சும் எண்டு.

சுவை விமர்சனம் எழுதுகிற ஆட்களிடம் நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். ஒரு படத்தின் முதல் இருபது நிமிடத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதினால் சும்மா விடுவமா? புகையிலைக்கு மட்டும் ஏன் டின் மணத்தோடு நிறுத்துகிறீர்கள்? கடைசிக் காற்பங்கை எழுதுங்கள். நாக்கு எரிந்ததை எழுதுங்கள். அடுத்த நாள் காலமை அறை எப்படி மணந்தது எண்டதைப் புகைக்காத ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். டின்னில் நிக்கொட்டின் அளவு போட்டிருக்கா, வாசனைக்கு என்ன சேர்த்தார்கள் எண்டு சொல்லியிருக்கா எண்டதையும் எழுதுங்கள். எங்கட டின்னில் இரண்டும் இருக்கவில்லை.

எங்கட புள்ளிகள் இவை. டின் மணத்துக்கு 8. பற்ற வைத்த முதற் பாதிக்கு 5, அதுவும் பேர்லி இலைக்காக. கடைசிக் காற்பங்குக்கு 2. அடுத்த நாள் அறைக்கு 1. போர்பன் எண்ட பெயருக்கு எவ்வளவு உண்மையாக இருந்தது எண்டதுக்கு 2. மூன்று பேரில் ஒருவருக்கும் இரண்டாவது டின் வாங்கிற எண்ணம் இல்லை. மிச்சம் இருந்ததை எறிந்துவிட்டோம். வெறும் டின் இன்னும் மணக்குது, மூடி திறந்தால் வனிலாதான் வருது. இதில் உண்மையாக நல்லாய் இருந்தது அது ஒன்றுதான், அதற்கு நெருப்புத் தேவையே இல்லை.