பேரங்காடிகளில் மோட்டார்ஹோம் நிறுத்த இடம் வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஐரோப்பிய நாடுகளில் வாழும், மோட்டார்ஹோமில் பயணம் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்தார்.

பெறுநர்:
தென்மேற்குப் பிரான்சின் மாவட்டப் பிரெஃபேக்கள் (ஆட்சியர்கள்) மற்றும் நகராட்சி மேயர்கள் அவர்கள் சமூகத்துக்கு.

பொருள்: பேரங்காடி வாகன நிறுத்துமிடங்களில் பெரிய மோட்டார்ஹோம்கள் நின்று பொருள் வாங்கிச் செல்ல ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,



பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து முதலிய நாடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். பள்ளி விடுமுறை விட்டதும் தாத்தா பாட்டி, பிள்ளைகள், குக்கர், அரிசி சகிதம் மோட்டார்ஹோமில் கிளம்பி உங்கள் நாட்டுக்கு வருகிறோம். எங்களில் பலருக்கு லூர்துதான் பயணத்தின் இலக்கு. ஊரில் லூர்து மாதா கெபியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மசபியேல் குகையின் முன் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும் என்பது வாழ்நாள் ஆசை. இந்துக் குடும்பங்களும் அதே ஆசையோடு வருகின்றன. கலே துறைமுகத்தில் இறங்கினால் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். வழியில் அரிசி பருப்பு தவிர எல்லாவற்றையும் உங்கள் ஊர்க் கடைகளில்தான் வாங்குகிறோம், வாங்க விட்டால்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். பேரங்காடி வாசலில் இரவு தங்க இடம் கேட்டு இந்த மனுவைத் தரவில்லை. இரவு தங்குவதற்கு உங்கள் நாட்டில் நகராட்சிகள் நடத்தும் மோட்டார்ஹோம் நிறுத்தங்கள் ஏராளம். முகாம் மைதானங்கள் உண்டு. 1993 முதல் பிரான்ஸ் பாசியோன் திட்டத்தில் விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் தங்கள் நிலத்தில் ஓர் இரவு நிறுத்த இடம் தருகிறார்கள். அந்த வகையில் பிரான்சைப் போல வசதி செய்து வைத்திருக்கும் நாடுகள் குறைவு என்று எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் கேட்பது பகலில், கடை திறந்திருக்கும் நேரத்தில், இரண்டு மணி நேரம். காய்கறி, பால், ரொட்டி, டீசல் வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

இந்தச் சின்ன காரியம் நடக்கவிடாமல் குறுக்கே நிற்பது நுழைவாயிலில் கட்டியிருக்கும் உயரக் கம்பி. அநேக இடங்களில் அது தரையிலிருந்து இரண்டு மீட்டர் அளவில் இருக்கிறது. எங்கள் வண்டிகளின் உயரம் 2.8 முதல் 3.2 மீட்டர் வரை. கம்பி இருப்பதை முன்கூட்டிச் சொல்லும் பலகை பிரதான சாலையில் இருப்பதில்லை. சுற்றுவட்டத்தில் திரும்பி, கடையின் தனிப்பாதைக்குள் நுழைந்து, வளைவு தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்திருக்கும். ஏழரை மீட்டர் வண்டியை அங்கே பின்னெடுக்க வேண்டுமென்றால் ஒருவர் இறங்கி, பின்னால் நிற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி, தெரிந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, கையசைத்து வழி காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு வீட்டு அம்மாக்களின் தலையில் விழுகிறது. ஆரன் சத்தத்துக்கு நடுவே நெடுஞ்சாலை ஓரம் நின்று ஒரு பெண் லாரி அளவு வண்டியைப் பின்னெடுக்க வைப்பது ஆபத்தான வேலை. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம், கம்பி வைத்தவர்களின் சாமர்த்தியம் அல்ல.

'ஒரே தடவையில் எல்லாவற்றையும் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தால் என்ன?' என்று சில அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிறது. சாதாரண கார் உரிமம் உள்ளவர் மொத்த எடை மூன்றரை டன் வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் சேர்ந்த வண்டி வெறுமையாக நிற்கும்போதே அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நூறு கிலோ. அதன்மேல் ஐந்து பேர், அவர்களின் துணிமணி, ஒரு மிதிவண்டி. திரும்பி வரும்போது லூர்து குழாய்களில் பிடித்த தீர்த்தக் கேன்கள் வேறு. அவற்றை இறக்கி வைக்கச் சொல்லிப் பாட்டிகளிடம் பேசிப் பயனில்லை. எடை மீறினால் அபராதம், காப்பீட்டிலும் சிக்கல். ஆகவே குறைவாக வாங்க வேண்டும், அடிக்கடி வாங்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கடைக்கு வருகிற வாடிக்கையாளரை வாசலில் தடுப்பதால் கடைக்காரருக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை.

கம்பி இல்லாத நிறுத்துமிடங்களில் வேறு தொல்லை. கோடு போட்ட கட்டம் ஒன்றின் நீளம் ஐந்து மீட்டர், அகலம் இரண்டரை மீட்டருக்குள். எங்கள் வண்டி கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2.3 மீட்டர் அகலம். பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறக்க வழியில்லை. கட்டம் புல்வெளி ஓரமாக இருந்தால் ஓர் உபாயம் உண்டு: பின்சக்கரம் வரம்புக்கல்லைத் தொடும்வரை பின்னெடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் புல்லின் மேல் விட்டுவிடலாம். 7.4 மீட்டர் வண்டியில் அந்தப் பகுதி இரண்டு மீட்டருக்கும் மேல் வரும். மூக்கு ஏறக்குறையக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். அங்கே புல்லுக்குப் பதில் நடைபாதை இருந்தால் இதைச் செய்யக் கூடாது, குழந்தை வண்டி தள்ளி வருகிறவர்கள் சாலையில் இறங்க வேண்டிவரும். அப்போது முன்னும் பின்னுமாக இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்வதுதான் வழி. அதற்குத் தண்டச் சீட்டு வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தை அடைத்த குற்றமாம். ஒரு கட்டத்துக்குள் அடங்காத வண்டி வேறு எப்படி நிற்க முடியும்?

உயரக் கம்பி யாருக்காக வந்தது என்பதை நாங்கள் அறிவோம். கேரவன்களில் வாழும் நாடோடிக் குடும்பங்கள் வந்து தங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்தவைதான் பெரும்பாலானவை. அவர்கள்மேல் பழி போட்டு எங்களுக்கு வழி கேட்பது எங்கள் நோக்கமல்ல. அந்தச் சிக்கலுக்கு உங்கள் நாட்டுச் சட்டமே தீர்வு சொல்லியிருக்கிறது. 2000 ஜூலை 5ஆம் தேதிச் சட்டப்படி 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் அவர்களுக்கு இடம் ஒதுக்குவதில் பங்கேற்க வேண்டும். அந்தக் கடமை முழுமையாக நிறைவேறினால் கம்பிக்கு வேலை இல்லை. கம்பியோ ஆள் பார்த்துத் தடுப்பதில்லை. சக்கர நாற்காலியோடு ஏறும்படி கூரை உயர்த்திய வேன்களும், ஏணி கட்டிய தச்சர் வண்டிகளும் அதே கம்பியின் முன்னால்தான் நிற்கின்றன.

சட்டத்தின் நோக்கமும் எங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2004 அக்டோபர் 19ஆம் தேதி அமைச்சகங்கள் சேர்ந்து வெளியிட்ட சுற்றறிக்கை, ஓர் ஊரில் மோட்டார்ஹோம் நிறுத்துவதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்வது செல்லாது என்று மேயர்களுக்கு நினைவூட்டுகிறது. அது பொதுச் சாலைகளைப் பற்றியது, தனியார் நிலத்துக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் தனியார் கடைகளுக்கும் உங்கள் அனுமதி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. விற்பனைப் பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் கடையைத் திறக்க வேண்டுமானால் மாவட்ட வணிக ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையத்துக்குத் தலைவர் பிரெஃபே; கடை அமையும் ஊரின் மேயர் அதில் உறுப்பினர். அங்கே நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பலன் உண்டு.

இந்த மனுவை இப்போது கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச் 10ஆம் தேதி நிறைவேறிய சட்டம், 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளி நிறுத்துமிடங்களில் குறைந்தது பாதிப் பரப்பின் மேல் சூரிய மின்தகடு பொருத்திய நிழல்கூரை அமைக்கச் சொன்னது. பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டியவற்றுக்கு 2026 ஜூலை, மற்றவற்றுக்கு 2028 ஜூலை என்று கெடு வைத்தது. நீட்டிப்புக்கும் விலக்குக்கும் சில வழிகள் உண்டு. திட்டத்தை நாங்கள் வரவேற்கிறோம். எங்களில் பலருடைய வண்டிக் கூரையிலேயே மின்தகடு இருக்கிறது. எங்கள் கவலை வேறு. கூரைகள் காரின் உயரத்தை மட்டும் மனதில் வைத்து எழுந்தால், இன்று கம்பி இல்லாத நிறுத்துமிடங்களும் நாளை எங்களுக்கு மூடிவிடும். கம்பியைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதும். இரும்புத் தூண் நட்டு எழுப்பிய கூரையை யாரும் கழற்றப் போவதில்லை. நிறுத்துமிடத்தைக் கொத்திப் புதுக்கோடு போடும் வேலை எப்படியும் நடக்கத்தான் போகிறது. அந்த வேலையோடு வேலையாக, கூரை வராத மீதிப் பாதியில், கடையிலிருந்து தள்ளி, ஓரமாக, எட்டு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு மூன்று கட்டங்களைப் போட்டுவிடலாம். அங்கே போகும் வழியிலும் கூரை குறுக்கிடக் கூடாது. புதிதாகக் கூரைக்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எங்கள் தலையாய கோரிக்கை. இது ஒன்று கிடைத்தால் மற்றவற்றுக்கு நாங்கள் காத்திருக்கத் தயார்.

மற்றவை எளியவை. கம்பி இருக்கும் கடைகளில் அதன் உயரத்தைப் பிரதான சாலையிலேயே, திரும்புவதற்கு முன்னால், பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடை மூடியதும் சங்கிலி போடும் நிறுத்துமிடங்களில், மூடும் நேரம் நுழைவாயிலில் தெரிய வேண்டும். ஞாயிறு மதியம் கடை மூடிய பிறகு உள்ளே அகப்பட்டுத் திங்கள் காலைவரை கிடந்த குடும்பம் எங்கள் சங்கத்தில் உண்டு. இரவு தங்கல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லும்போது அவர்கள்தான் முதலில் கை தூக்குகிறார்கள். சரக்கு வாகனம் வரும் பின்வாசல் வழியாக உயரமான வண்டிகளையும் விட முடிந்தால், கம்பியைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் நடக்காத காரியமில்லை என்பதற்கு உங்கள் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சூப்பர் யு, ஆந்தர்மார்ஷே, லெக்லேர் கடைகள் பலவற்றில் டீசல் பம்புக்கு அருகிலேயே மோட்டார்ஹோமுக்கான சேவைக் கம்பம் நிற்கிறது. குடிநீர் பிடிக்கலாம், பாத்திரம் கழுவிய நீரைத் தரையிலுள்ள தொட்டியில் விடலாம், கழிவறைப் பெட்டியைக் கொட்டிக் கழுவலாம். பக்கத்திலேயே காசு போட்டால் ஓடும் பெரிய சலவை இயந்திரம். துணி சுற்றி முடியும்வரை கடைக்குள் நடந்து, பட்டியலில் இல்லாதவற்றையும் வாங்கிவிடுகிறோம். அந்த வியாபாரக் கணக்கு அந்தக் கடைக்காரர்களுக்குப் புரிந்திருக்கிறது. ஜூலையில் பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் வரும்போது தூர்மலே கணவாயின் சாலையோரம் நாள்கணக்கில் மோட்டார்ஹோம்கள் வரிசைகட்டி நிற்பதையும் உலகமே தொலைக்காட்சியில் பார்க்கிறது. 2,115 மீட்டர் உயர மலையில் நிற்க முடிகிற வண்டிக்கு அடிவாரக் கடைவாசலில் இடமில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் எழுத்தில் தருகிறோம். கடைவாசலில் நாற்காலி போட்டு, பக்கக் கூடாரம் விரித்து, சமைத்துச் சாப்பிட்டுக் கூட்டம் போடுகிற வண்டிகளும் உண்டு. அவற்றைப் பார்த்த கடைக்காரர் கோபப்படுவதில் தவறில்லை. இத்தாலியின் சாலைச் சட்டம் 185ஆம் பிரிவில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறது: சக்கரம் தவிர வேறெதுவும் தரையைத் தொடக் கூடாது, வண்டியிலிருந்து கழிவு எதுவும் வெளியேறக் கூடாது, வண்டியின் சொந்த அளவுக்கு மேல் இடத்தை அடைக்கக் கூடாது, அப்படி நின்றால் அது முகாம் அல்ல, வாகனம் நிறுத்தியதுதான். இதையே எங்கள் உறுப்பினர்களுக்கு விதியாக்கியிருக்கிறோம். மீறுகிறவருக்கு நீங்கள் தண்டம் போட்டால் சங்கம் அவருக்காக வாதாட வராது.

இரண்டு மணி நேர வரம்பும், அதைக் காட்ட நேர அட்டையும், நீண்ட கட்டத்துக்குச் சிறு கட்டணமும் எங்களுக்குச் சம்மதமே.

இந்த மனு எங்கள் பொதுக்குழுவில் தமிழில் வாசித்து ஏற்கப்பட்டது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறோம். தாங்கள் குறிப்பிடும் ஏதேனும் ஒரு வாரநாள் காலையில், தாங்கள் குறிப்பிடும் நிறுத்துமிடத்துக்கு 7.4 மீட்டர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, தங்கள் பொறியாளர்கள் முன்னிலையில் அளந்து நிறுத்திக் காட்டத் தயாராக இருக்கிறோம். நிழல்கூரைகளுக்கான வரைபடங்கள் ஒப்புதலுக்கு வரும் முன்பே அந்த நாளைக் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்