நாசா வந்தது சிதம்பரத்துக்கு அல்ல

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். விமானத்தின் நிழல் மேற்குப் பிரகாரத்தில் அகலமாகப் படர்ந்து கிடக்கும். வெயிலுக்குப் பயந்த கூட்டம் அங்கேதான் ஒதுங்கும். அந்த நிழலிலேயே நின்றுகொண்டு யாராவது ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது, தெரியுமா? அந்தக் காலத்து விஞ்ஞானம்!" பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே பார்க்கச் சொல்லத்தான் அங்கே ஆளிருக்காது.

இதே ரகத்தில் வேறு சிலவும் உண்டு. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றனவாம், நாசா வியந்ததாம். சிதம்பரம் நடராசரின் கால் பெருவிரல் பூமியின் காந்தப்புலத்தின் மையப்புள்ளியில் இருக்கிறதாம். மேல்நாட்டார் எட்டு ஆண்டு ஆராய்ந்து கண்டுபிடித்தார்களாம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் இவற்றை நம்புகிறவர்கள் படிப்பில்லாதவர்கள்தான் என்று எண்ண வேண்டாம். பொறியியல் பட்டதாரிகள் அனுப்புகிறார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் "அருமை" என்று கைகூப்புகிறார்கள்.

முதலில் நிழல். விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 100 அடி. உச்சியிலிருந்து அடிவிளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால் அது தரையோடு ஏறக்குறைய 76 பாகைக் கோணத்தில் நிற்கும். சூரியன் அதற்கும் மேலே ஏறினால் உச்சியின் நிழல் விமானத்தின் தளங்கள் மீதே விழுந்து அடங்கிவிடும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் போல இது நடக்கும். அந்த நேரத்தில் வந்து பார்த்த யாரோதான் கதையைத் தொடங்கியிருக்க வேண்டும். மார்கழியில் அந்தச் சலுகையும் கிடையாது. டிசம்பர் 22 நண்பகலில் தஞ்சையில் சூரியன் 56 பாகைக்கு மேல் ஏறாது. உச்சியின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி 80 அடிக்கு மேல் வடக்கே, சண்டிகேசுவரர் சன்னிதிப் பக்கம் நீளும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவர் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

நிழல் காணாமல் போகும் நாள் தஞ்சைக்கு உண்மையிலேயே உண்டு. ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் பகல் 12.15 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது கோயில் வாசலில் நடப்பட்ட குச்சிக்கும் நிழல் இருக்காது, எதிரே நிற்கும் மின்கம்பத்துக்கும் இருக்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட எல்லா ஊருக்கும் ஆண்டில் இரண்டு நாள் இது வாய்க்கும். டெல்லிக்கு ஒரு நாள்கூட வாய்க்காது. பொய்யைவிட இது சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ராஜராஜனுக்குத் தனிப் பெருமை இல்லை என்பதால் யாரும் அனுப்புவதில்லை.

ராஜராஜனுக்கு உண்மையான பெருமைகளே ஏராளம். பாறையே இல்லாத காவிரிச் சமவெளிக்குக் கருங்கல்லைக் கொண்டுவந்து 1010 வாக்கில் இவ்வளவு பெரிய கோயிலை முடித்தான். கோயிலில் பணிசெய்ய 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, அவர்களின் பெயர்களையும் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கையும் கல்லில் வெட்டுவித்தான். தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் இப்படிச் சுவரிலேயே கிடைப்பது அபூர்வம். அதை நின்று படிப்பவரைக் காண்பது அதைவிட அபூர்வம். கூட்டம் 80 டன் ஒற்றைக் கல் சிகரத்தைத் தேடிப் போய்விடும். அதுவும் பல கற்களை இணைத்து அமைத்தது என்றே கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த விமானம் அறிவியலோடு நேருக்கு நேர் மோதிய கதை ஒன்றும் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு முனையில் நின்றால் அடுத்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைநாட்டில் குன்றுமேல் ஏறிக்கொள்ளலாம். தட்டையான தஞ்சைச் சீமையில் எதன்மேல் ஏறுவது? கோயில்களின்மேல்தான். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி விமானத்தில் மோதி அதன் வட்டத் தகடு நெளிந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் தாமே உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். அவர் தொடங்கிய அந்த அளவைதான் பிற்பாடு இமயம் வரை நீண்டு எவரெஸ்ட்டின் உயரத்தைச் சொன்னது. தஞ்சைக்கு வரும் பள்ளிச் சுற்றுலாக்களில் எத்தனைக்கு இது சொல்லப்படுகிறது?

திருநள்ளாற்றுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடியில் அது காரைக்காலிலிருந்து நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்கும். நிறுத்தினால் விழும். நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டுமானால், அதை மேலே ஏற்றிய ராக்கெட்டைப் போல இன்னொன்றை அது மடியில் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும்.

"நிற்கும்" செயற்கைக்கோள்கள் இருக்கத்தான் செய்கின்றன. 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைச் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு அவை அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அவை எல்லாமே பூமத்திய ரேகைக்கு நேர் மேலே மட்டும்தான் இருக்க முடியும். 11 பாகை வடக்கே இருக்கும் திருநள்ளாற்றுக்கு மேல் ஒன்றுகூட நிற்க முடியாது. தமிழ்நாட்டு மொட்டைமாடிகளில் டிடிஎச் தட்டுகள் எல்லாம் தெற்குப் பக்கமாக அண்ணாந்து நிற்பது அதனால்தான். மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் படம் தடுமாறும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று, தன் வானொலி இரைச்சலைத் தட்டுக்குள் கொட்டுவதால் வரும் கோளாறு அது. கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.

திருநள்ளாற்றில் வழிபடப்படும் சனியைப் பற்றி ஊரில் ஏற்கெனவே இருக்கும் அறிவே இந்தப் புரளியைவிட மேலானது. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29 ஆண்டு 6 மாதம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. சனிப்பெயர்ச்சிக் கணக்கு அங்கிருந்து வருவது. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்ற பழமொழியின் முப்பதும் அதுதான் என்பார்கள். பலன் சொல்வதை ஏற்பதும் விடுவதும் அவரவர் பாடு. வெறுங்கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தேற்றிய அந்தக் கால அளவு மட்டும் சுத்தமான வானியல்.

இனி சிதம்பரம். காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. கோட்டுக்கு ஏது மையப்புள்ளி? இந்தியா, எத்தியோப்பியா, பெரு என்று உலகைச் சுற்றிவரும் அந்தக் கோட்டில் எல்லா இடமும் ஒன்றுதான். போதாததற்கு அது ஓரிடத்தில் நிற்பதுமில்லை. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு புரளப் புரளக் கோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு அது சிதம்பரத்துக்கு வெகு தெற்கே, குமரிப் பக்கம் போகிறது.

ஐம்பூதத் தலங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று இதோடு ஒட்டிவரும் இன்னொரு செய்தியில் பாதி உண்மை. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரேசுவரர் கோயில், காளத்தி மூன்றும் ஏறக்குறைய 79.7 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஐம்பூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்கு 70 கிலோமீட்டர் மேற்கே, திருவானைக்கா 100 கிலோமீட்டருக்கும் மேற்கே. செய்தியை எழுதுபவர்கள் இரண்டு பூதங்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நிற்கும் நடராசர் சிலை, விஞ்ஞானிகள் உண்மையை உணர்ந்து நிறுவியது என்று சுற்றுகிறது. 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த சிலை அது.

"பக்தியில் சொல்வதுதானே, போகட்டும்" என்பவர்கள் உண்டு. இது பக்தி இல்லை. திருநள்ளாற்றுத் தர்ப்பாரண்யேசுவரரைச் சம்பந்தர் பாடியபோது சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. நளன் கதையை நம்பிக் குளத்தில் முழுகுகிறவரும் கேட்பதில்லை. மேல்நாட்டை வாய் ஓயாமல் பழித்துவிட்டு, கடைசியில் தன் சாமிக்கு அமெரிக்க அலுவலகம் ஒன்றின் முத்திரை வேண்டும் என்று வரிசையில் நிற்கிற மனநிலை இது. தாழ்வு மனப்பான்மைக்குத் திருநீறு பூசியிருக்கிறார்கள். இதில் அடிபடுவது வகுப்பில் கையைத் தூக்கி "நின்றால் விழுந்துவிடாதா சார்?" என்று கேட்கிற பிள்ளை. "பெரியவங்க சொன்னா ஒத்துக்கணும்" என்று அதை உட்காரவைத்துவிட்டு, அறிவியலில் நாம் முன்னோடி என்று பேசிப் பயனென்ன?

காந்த நடுக்கோட்டைத் தேடி நாசா வந்தது மட்டும் நிஜம். வந்த இடம் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவர் ஊர். அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறந்தால் நிலைக்காது. சின்ன ராக்கெட்டை விட்டால்தான் உண்டு. விக்ரம் சாராபாய் தேர்ந்த அந்த இடத்தில் மேரி மக்தலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஊராரைக் கேட்டு இசையவைத்து, தேவாலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். கோயில் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அந்திநேரத்தில் நாசா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பி வானத்தில் சோடியம் ஆவியைப் பரப்பியது. ராமேசுவரத்து அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். அதற்குமுன் பயிற்சிக்குப் போன இடத்தில், நாசாவின் வாலப்ஸ் தளத்தில், திப்பு சுல்தானின் ராக்கெட் படை போரிடும் ஓவியம் ஒன்று மாட்டியிருந்ததைக் கண்டதாக அவரே 'அக்கினிச் சிறகுக'ளில் எழுதியிருக்கிறார். நாசா நம்மவர் எவரையாவது வியந்ததா என்று தேடுபவர்களுக்கு இது போதும்.

அந்த மின்னோட்டத்தை இன்றும் அளக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், சிற்பங்களுக்குப் பெயர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே அங்கே அமைத்தது. கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பார்க்கப் போகும் பேருந்துகள் அதன் பக்கத்திலேதான் போய்வருகின்றன.